உப்புக் கிடங்கு ரஃபி பாயும் ஒரு நடுவிரலும்

டீக்கடையில் ரஃபி அகமது டம்ளரைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்தால் புதிதாக வந்தவர்களுக்குத் திக்கென்று இருக்கும். மற்றவர்கள் விளிம்பைப் பிடித்து, கை மாற்றி, ஊதி ஊதிக் குடிக்கிற டீயை அவர் முழுக் கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். அவர் மனைவி ஜஹீதா அடுப்பிலிருந்து பிரியாணி தேக்சாவை இறக்க வேண்டுமென்றால் துணியைத் தேட மாட்டார். கணவரைத்தான் கூப்பிடுவார். தெருவில் அவருக்கு ‘நெருப்புக் கை பாய்’ என்று பெயர். அவரும் அந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்துக்கொள்வார்.

ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் அவருக்கு உப்புக் கிடங்கில் வேலை. தோல் பதனிடும் டேனரியை எங்கள் ஊரில் ஷாப் என்றுதான் சொல்வோம். உரித்த தோல் லாரியில் வந்து இறங்கும். அதை விரித்து, கல் உப்பை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டுத் தேய்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். உப்புப் போட்ட தோல் மாதக்கணக்கில் கெடாது. போடாத தோல் மறுநாளே நாறும். இருபது வருடமாக இதே வேலை. உப்பு அவர் கையைத் தின்று, வெடிக்க வைத்து, ஆறிய இடத்தில் மறுபடி வெடிக்க வைத்து, கடைசியில் விரல் நுனியெல்லாம் செருப்பு அடியைப் போல ஆகிவிட்டது.

அவரைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். தோஸ்த்தின் விரலைக் கெடுத்தவர் என்று சிலர். தோஸ்த்தின் விரலைக் காப்பாற்றியவர் என்று சிலர். இரண்டு பேச்சும் எனக்குச் சரியாகப் படவில்லை. அவரும், அந்தத் தோஸ்த் ஆதிகேசவனும், ஆதிகேசவனின் மனைவி அமிர்தவள்ளி அக்காவும் வேறு வேறு சமயத்தில் சொன்னதைச் சேர்த்து, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆதிகேசவன் அதே ஷாப்பில் மிஷின்காரர். ஊறிய தோலை மேல் படலம், கீழ்ப் படலம் என்று இரண்டாகப் பிளக்கிற மிஷின் அது. நீளமான பட்டைக் கத்தி ஒன்று ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். தோலைச் சுருக்கம் இல்லாமல் உள்ளே விட வேண்டும். அவரும் ரஃபி பாயும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மதியச் சாப்பாடு ஒன்றாக, பீடி ஒன்றாக, சினிமா ஒன்றாக.

எண்பத்து மூன்றாம் வருடம் ஐப்பசியில் ஒரு நாள் காலை, உள்ளே போன தோல் மடிந்துகொண்டது. மிஷினை நிறுத்தி எடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் நிறுத்துவதில்லை. ஆதிகேசவன் வலது கையை விட்டு மடிப்பை இழுத்தார். கத்தாமல், டீ குடிக்கக் கூப்பிடுவது போல, “பாய், இங்க வா” என்றாராம்.

ரஃபி பாய் கிடங்கிலிருந்து வந்து பார்த்தபோது ஆள்காட்டி விரல் ஈரத் தரையில் கிடந்தது. நடுவிரல் கொஞ்சம் தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ துண்டால் கையைச் சுற்றினார்கள். ரஃபி பாய் கீழே கிடந்த விரலை எடுத்துக் குழாயில் கழுவினார். கிடங்குக்கு ஓடினார். திறந்திருந்த மூட்டையில் மண் கலந்திருக்கும் என்று புது மூட்டையைக் கிழித்தார். தன் டிபன் பாக்ஸில் இருந்த சோற்றைக் கொட்டிவிட்டு, உப்பை நிரப்பி, நடுவில் விரலை வைத்து, மேலே இன்னும் உப்பைப் போட்டு அழுத்தி மூடினார். வேலூர் போய்ச் சேரும்வரை கெட்டுவிடக் கூடாது என்பதுதான் அவர் நினைப்பு. “நல்ல வேலை பண்ண பாய்” என்று ஃபோர்மேனும் சொன்னார். அங்கே நின்ற அத்தனை பேரும் தோலோடு வாழ்ந்தவர்கள். ஒருவருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

முதலாளியின் காரில் வேலூர் போனார்கள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் விரலை ஒட்டவைக்கும் டாக்டர் ஒருவர் இருந்தார். அவர் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தார்.

“யார் இதை உப்புல போட்டது?”

“நான்தான் சார். புது உப்பு சார். கல்லு, மண்ணு எதுவும் இல்ல.”

டாக்டர் இடுக்கியால் விரலை எடுத்தார். அது வெளுத்துச் சுருங்கியிருந்தது. “உள்ள இருந்த தண்ணியெல்லாம் உப்பு இழுத்துடுச்சு. ரத்தக் குழாய் செத்துப்போச்சு. இதை ஒட்டவைக்க முடியாது” என்றார்.

“கழுவிட்டா சார்?”

டாக்டர் விரலைத் தட்டில் வைத்தார். “நடுவிரலைப் பார்க்கலாம்” என்று உள்ளே போனார்.

ரஃபி பாய் திரும்பினார். பஸ்ஸில் வந்து இறங்கிய அமிர்தவள்ளி அக்கா பின்னால் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். அதுவரை ‘அண்ணே’ என்று கூப்பிட்டவர், அன்றிலிருந்து கூப்பிடவில்லை.

ஆபரேஷன் முடிய விடிந்துவிட்டது. டாக்டர் களைத்துப்போய் வெளியே வந்து அக்காவிடம் விளக்கினார். நடுவிரலை ஒட்டவைத்தாகிவிட்டது. ஆனால் ஒட்டவைத்தால் மட்டும் விரல் பிழைக்காது. தலைமுடி போன்ற தையலால் இணைத்த ரத்தக் குழாய் அது. அதில் எப்போது வேண்டுமானாலும் ரத்தம் உறைந்து நின்றுவிடலாம். உடனே தெரிந்தால் திறந்து சரிசெய்யலாம். தாமதமானால் விரல் போய்விடும். அந்த விரலும் போனால் கட்டைவிரலுக்கு எதிரே அழுத்திப் பிடிக்க மோதிர விரலும் சுண்டுவிரலும் மட்டும் போதாது. தோலை இழுக்க முடியாது, மண்வெட்டி பிடிக்க முடியாது, சோற்றைக்கூடச் சரியாகப் பிசைய முடியாது.

ஆள்காட்டி விரலை ஒரு பொட்டலமாகக் கட்டி ரஃபி பாய் கையில் கொடுத்துவிட்டார்கள். அதை என்ன செய்வது என்று அக்காவிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அன்று ஆம்பூருக்குத் திரும்பியதும் பாலாற்றில் இறங்கி, வறண்ட மணலில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டிப் புதைத்தார். தலைமாட்டில் ஒரு கல்லை வைத்தார். பிறகு ஷாப்பில் லீவு சொல்லிவிட்டு மறுபடி வேலூர் போனார்.

வார்டில் ஆதிகேசவனின் கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்திருந்தார்கள். கட்டு முழுக்கச் சுற்றி, விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. பக்கத்தில் சூட்டுக்காக ஒரு பல்பு எரிந்தது. ஃபேன் போடக் கூடாது. காபி, டீ கூடாது. பீடிப் புகை பட்டாலே குழாய் சுருங்கிவிடும் என்று, வருகிறவர்களின் சட்டையைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் சவுரியம்மாள் சிஸ்டர் உள்ளே விட்டார். ரஃபி பாய் வார்டுக்கு வெளியிலேயே தன் பீடிக்கட்டைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தார்.

சிஸ்டர் அக்காவையும் அவரையும் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

“நகத்தை அழுத்தி விட்டா வெளுத்துட்டு உடனே செவப்பு திரும்பணும். அப்படித்தான் எல்லாருக்கும் சொல்லித் தர்றது. இவர் நகத்துல என்ன தெரியுது? வருஷக் கணக்கா தோல் ஊறுற மரப்பட்டைத் தண்ணியில ஊறி எல்லாம் கறுப்பா இருக்கு. சந்தேகம்னா நான் ஊசியால குத்தி ரத்தம் பாப்பேன். நீங்க தொட்டுத்தான் பாக்கணும். பக்கத்து விரலைத் தொடுங்க, அப்புறம் இதைத் தொடுங்க. ஜில்லுன்னு இருந்தா ஓடி வாங்க. எனக்கு வார்டு முழுக்க ஆளுங்க இருக்காங்க. நான் வர்ற நேரம் போக மீதி நேரம் நீங்கதான்.”

அக்கா தொட்டுப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

ரஃபி பாய் தொட்டார். மோதிர விரலைத் தொட்டார். நடுவிரலைத் தொட்டார். இரண்டு மரத்துண்டுகளைத் தொட்டது போல இருந்தது. சூடும் இல்லை, குளிரும் இல்லை. அவர் நிமிர்ந்தபோது அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சூடா இருக்கு” என்றார் ரஃபி பாய்.

அப்போது அது பொய் இல்லை. அக்கா சற்று முன்தான் தொட்டிருந்தார். ஆனால் அக்காவுக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள். அவர் ஆம்பூர் போய் வரும் நேரமெல்லாம் ரஃபி பாய்தான் கட்டிலருகில். சிஸ்டர் வந்து கேட்பார். இவர் தொடுவார். “சூடா இருக்கு சிஸ்டர்” என்பார். சிஸ்டரும் தொட்டுப் பார்ப்பார், சரியாக இருக்கும். ரஃபி பாயின் அதிர்ஷ்டம். தனியாக இருக்கும் வேளையில் குனிந்து விரலின் நிறத்தைப் பார்ப்பார். பல்பு வெளிச்சத்தில் எல்லாம் மஞ்சளாகத்தான் தெரியும்.

ஏன் சொல்லவில்லை என்று பின்னாளில் நான் அவரிடம் கேட்டேன். “சொன்னா எழுந்து போன்னுடுவாங்களேப்பா” என்றார். “ஒரு வெரலை நான் கெடுத்தேன். இன்னொண்ணு பக்கத்துலயாவது உக்காந்திருக்கணும்னு இருந்துச்சு. அதுக்கு மேல புத்தி போவல.”

அக்கா அவரிடம் நேராகப் பேசுவதில்லை. ஊருக்குக் கிளம்பும்போது கணவரிடம் சொல்வார், இவர் காதில் விழும்படி.

“உன் தோஸ்த்தைத் தொட்டுத் தொட்டுப் பாக்கச் சொல்லு. உப்பு மட்டும் போட வேணாம்னு சொல்லு.”

ஆதிகேசவனுக்கு அந்த வலியிலும் சிரிப்பு வரும். “நல்லவேளை, மொளகாத்தூள் கையில சிக்கல. ஊறுகாவே போட்டிருப்பான்.”

ரஃபி பாய் சிரிக்க மாட்டார். விரல் நுனியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு புயல் மழை பிடித்துக்கொண்டது. அன்று காலை பிள்ளைகளைப் பார்க்கப் போன அக்கா திரும்பவில்லை. ஆம்பூர் வழியில் பள்ளிகொண்டாவுக்கு அந்தப் பக்கம் ரோட்டில் தண்ணீர் போகிறது, பஸ் நிற்கிறது என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். மதியத்துக்கு மேல் கரண்ட்டும் போயிற்று. சூட்டு பல்பு அணைந்தது. ஜன்னல் சந்து வழியாக ஈரக் காற்று வந்தது. ரஃபி பாய் தன் துண்டை எடுத்து ஆதிகேசவன் கையைச் சுற்றிப் போர்த்தினார்.

சவுரியம்மாள் சிஸ்டர் வார்டின் மறு கோடியில், மூச்சுத் திணறிய ஒருவருக்கு ஆக்சிஜன் வைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

“பாய், விரல் எப்படி இருக்கு? சூடா இருக்கா?”

ரஃபி பாய் துண்டை விலக்கித் தொட்டார். அதே மரத்துண்டு.

“உனக்கு இன்னா தோணுது ஆதி?”

“எனக்கு இன்னா தெரியும்? நரம்பு இன்னும் வேலை செய்யலன்னு டாக்டர் சொன்னாரே. அது என் வெரல் மாதிரியே இல்ல. நீதான் சொல்லணும்.”

விரலுக்குச் சொந்தக்காரருக்கும் தெரியவில்லை. தொடுகிறவருக்கும் தெரியவில்லை. ரஃபி பாய் ‘சூடா இருக்கு’ என்று சொல்ல வாயைத் திறந்தார். எத்தனையோ முறை சொன்ன வார்த்தை, அன்று வரவில்லை.

“பாய், கேக்குதா? சூடா இருக்கா?”

“எனக்குத் தெரியல சிஸ்டர்.”

“தெரியலன்னா?”

“என் கைக்குச் சூடு தெரியாது சிஸ்டர். உப்புல வேலை செஞ்சு மரத்துப்போச்சு. மொத நாள்ளேர்ந்தே தெரியாது.”

சிஸ்டர் ஆயாவிடம் ஆக்சிஜனை ஒப்படைத்துவிட்டு ஓடி வந்தார். விரலைத் தொட்டார். டார்ச் அடித்துப் பார்த்தார். ஊசியால் நுனியில் குத்தினார். ரத்தம் வரவில்லை. இன்னொரு முறை ஆழமாகக் குத்தினார். அப்போதும் வரவில்லை. டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஆதிகேசவன் அண்ணாந்து பார்த்துக் கேட்டார். “அப்போ இத்தினி நாளா சூடா இருக்கு, சூடா இருக்குன்னியே?”

ரஃபி பாய் கூடவே நடந்தார்.

“நல்ல தோஸ்த்துடா நீ” என்றார் ஆதிகேசவன். திட்டினாரா, கிண்டல் செய்தாரா என்று ரஃபி பாய்க்கு இன்றுவரை தெரியாது. தியேட்டர் கதவு மூடிக்கொண்டது. உள்ளே ஜெனரேட்டர் வெளிச்சம் இருந்தது. வெளியே இருட்டு.

விரல் எப்போது ஜில்லிட்டது? கரண்ட் போன பிறகா, அதற்கு முன்பேயா? யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் அவர்தான்.

அக்கா சாயங்காலம் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார். பாதித் தூரம் லாரியில் வந்தாராம். காலிக் கட்டிலைப் பார்த்து நின்றார். சிஸ்டர் சொல்லட்டும் என்று ரஃபி பாய் காத்திருக்கலாம். காத்திருக்கவில்லை. எல்லாவற்றையும் அவரே சொன்னார், கையை விரித்துக் காட்டியபடி.

அக்கா புடவை முந்தானையைப் பிழிந்துகொண்டே கேட்டார். பிறகு, விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக, அவர் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

“உப்புல போட்டது தெரியாம செஞ்சது. நானும் ராத்திரியெல்லாம் யோசிச்சேன். நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். இது தெரிஞ்சே செஞ்சது. நீ போய்டு பாய்.”

அவர் வார்டை விட்டுப் போனார். ஆஸ்பத்திரியை விட்டுப் போகவில்லை. படிக்கட்டில், சாரல் அடிக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் இறங்கி வந்த டாக்டர், யாருக்குச் சொல்கிறோம் என்றுகூடப் பார்க்காமல், “அடைச்சிருந்ததை எடுத்தாச்சு. ரத்தம் ஓடுது. நுனி கறுத்துப்போகலாம். இன்னும் பார்த்துக்கிட்டே இருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பார்த்துக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். அக்கா உட்கார்ந்தபடியே தூங்கி விழ ஆரம்பித்தார். மறுநாள் காலை சவுரியம்மாள் சிஸ்டர் படிக்கட்டுக்கு வந்தார். ஒரு கையில் எவர்சில்வர் தட்டு, ஒரு கையில் வெந்நீர் டம்ளர்.

“கண்ணை மூடுங்க.”

மூடினார். சிஸ்டர் தட்டின் விளிம்பை அவர் கண் இமையில் வைத்தார்.

“இன்னா இது?”

“ஜில்லுன்னு இருக்கு.”

டம்ளரை வைத்தார். ரஃபி பாய் வெடுக்கென்று முகத்தை இழுத்துக்கொண்டார்.

“சுடுது சிஸ்டர்.”

“உப்பு அங்க வரைக்கும் போகல. இதை மொத நாளே சொல்லியிருந்தா அன்னிக்கே வழி பண்ணியிருப்பேன். இப்ப வாங்க. முகத்தை நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க.”

கட்டிலருகே அக்கா எழுந்து நின்றார். சிஸ்டர் விஷயத்தைச் சொன்னார். அக்கா கணவர் பக்கம் திரும்பினார்.

“நான் தூங்குற நேரம் மட்டும்” என்று கணவரிடம் சொன்னார். “அதுவும் தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்.”

“சொல்றேன்மா” என்றார் ரஃபி பாய்.

அன்றிலிருந்து அவர் கட்டிலருகே மண்டியிட்டு, கண்ணை மூடி, முதலில் மோதிர விரலை இமையில் வைத்துப் பார்ப்பார். பிறகு நடுவிரலை. எதிர்க் கட்டில்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆதிகேசவன் அவர்களைக் காட்டிச் சொன்னார், “பாரு, எல்லாம் வேடிக்கை பாக்குறாங்க. இப்படிக் கண்ணுல ஒத்திக்கிறியே, நான் இன்னா சாமியாடா?”

“பேசாம இரு. ஆட்டாதே.”

விரல் பிழைத்தது. நுனி கறுத்து, காய்ந்து, ஒரு நாள் கட்டு மாற்றும்போது நகத்தோடு உதிர்ந்தது. மீதி நின்றது. மடங்குவதில்லை, உணர்ச்சி கம்மி. ஆனால் கட்டைவிரலுக்கு எதிரே நிற்கிறது. ஆதிகேசவன் இன்று அதை வைத்துத்தான் தோல் கட்டுகளைப் பிடித்து வண்டியில் ஏற்றுகிறார். மிஷினுக்கு அவரை விடவில்லை. அவரும் கேட்கவில்லை. ரஃபி பாய் அதே கிடங்கில், அதே உப்பில். அக்கா தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தனுப்புகிறார், ரம்ஜானுக்கு ஜஹீதா அனுப்புவதை வாங்கிக்கொள்கிறார். இன்னும் ‘பாய்’ என்றுதான் கூப்பிடுகிறார். ‘அண்ணே’ திரும்பி வரவில்லை.

அடுத்த வருட மார்கழியில் ஒரு காலை, இருவரும் ஷாப்புக்குப் போகிற வழியில் பாலாற்றுப் பாலத்தில் நின்றார்களாம். ஆதிகேசவன் அதுவரை கேட்காததைக் கேட்டார்.

“அந்த வெரலை எங்க வெச்ச?”

ரஃபி பாய் கீழே காட்டினார். “அதோ, முள்ளுச்செடிக்கு இந்தப் பக்கம். கல்லு வெச்சிருந்தேன். போன மழைல ஆத்துல தண்ணி வந்துச்சே. போய் பாத்தேன், கல்லும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

ஆதிகேசவன் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஷாப்புகளின் கழிவுநீர் ஒரு கோடாக ஓடிக்கொண்டிருந்தது. பனிக்காற்று அடித்தது. குளிரில் அந்த விரல் வெளுத்துப்போகும். அவர் அதைச் சட்டையில் தேய்த்துவிட்டு நீட்டினார்.

“ஜில்லுன்னு இருக்கா பாரு. எனக்குத் தெரியல.”

பாலத்தில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ரஃபி பாய் சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டுக் குனிந்தார். கண்ணை மூடி விரலை இமையில் வைத்துக்கொண்டார்.

“சூடாதான் இருக்கு.”

“நெசமாவா?”

ரஃபி பாய் மோதிர விரலையும் பிடித்து இழுத்து, இன்னொரு தடவை முதலிலிருந்து பார்த்தார்.